பூசணி யாரைப் பார்த்துக் குரைக்கும்?

மார்ச் 6
ஒன்பது வாரக் குட்டி. ராட்வைலர். ஆறு கிலோ. தண்ணீர்க் கிண்ணத்துக்குள் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு அதே தண்ணீரைக் குடிக்கிறது. பூசணி என்று பெயர் வைத்துவிட்டேன்.
எங்கள் நாய்ப் பயிற்சிக்கூடத்து மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "காவல் நாய்க்கு வைக்கிற பேராம்மா இது?"
ஒரு பெரிய வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாராம். ஆறு மாதம் ஆகும்வரை குட்டி என் பொறுப்பு. இந்தப் பயிற்சிக்கூடத்தில் இதுவரை குளிப்பாட்டவும் கூண்டு கழுவவும்தான் விட்டார்கள். முதல்முறையாக எனக்கென்று ஒரு குட்டி!

மார்ச் 19
நகம் வெட்டினேன். கறுப்பு நகம் — உள்ளே ரத்தக்குழாய் எங்கே முடிகிறது என்று தெரியாது. துளித்துளியாகத்தான் நறுக்க வேண்டும். காலுக்கு ஒரு பிஸ்கட். நான்காவது காலை அதுவே நீட்டியது. நீட்டியது!

ஏப்ரல் 11
அண்ணனுக்குக் கெண்டைக்காலில் ஏழு தையல். தோளில் தண்ணீர் கேனோடு ஒரு வீட்டுக் கேட்டைத் திறந்திருக்கிறான். கடித்தது எங்கள் கூடத்தில் பழகிய நாய். நான் குளிப்பாட்டிய நாய்.
"வாராவாரம் கேன் போடுற வீடுடி. கார்ல வந்தவனுக்கு வாலாட்டிட்டு என்னை வந்து கடிக்குது. இதெல்லாம் அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

ஏப்ரல் 14
நாங்கள்தான். இத்தனை நாள் கண்ணை எங்கே வைத்திருந்தேன்? குரைக்கப் பழக்கும்போது திருடனாக வருவது மாஸ்டர். கிழிந்த சட்டை, அழுக்குக் கால்சட்டை, தோளில் சாக்கு. ஒவ்வொரு முறையும் அதே வேஷம். சுமை தூக்குகிறவன் திருடன் — நாய் படித்த பாடம் அவ்வளவுதான்.
கேட்டே விட்டேன்.
"பின்ன திருடன் கோட்டு சூட்டுலயா வருவான்?"
"பெரிய திருடனெல்லாம் அப்படித்தான் மாஸ்டர் வர்றான்."
முறைத்தார். "உன் குட்டிய உன் இஷ்டத்துக்குப் பழக்கு. வாங்குறவர் வேணாம்னா நீயும் வேற வேலை பாத்துக்க."
சரி என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு.

மே 24
ஞாயிறுதோறும் அண்ணன் தன்னோடு கேன் போடுகிறவர்களில் ஒரு புது ஆளைக் கூட்டிவருகிறான். உடையை மாற்றி மாற்றி அனுப்புகிறேன். வாசல் வழியாக வந்தால் பூசணி உட்கார வேண்டும். மதில் ஏறினால் குரைக்க வேண்டும். உடுப்பு எதுவானாலும்.
இன்று வந்தவனுக்கு அண்ணனுடைய இஸ்திரிச் சட்டை. "எங்கிட்ட இருக்கிற ஒரே நல்ல சட்டைடா, கிழிச்சுராத."
அவன் மதிலில் காலைப் போட்டதுதான் தாமதம், அடித்தொண்டையிலிருந்து ஒரு குரை! ஆள் மதில் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "பூசணியா இது? பீரங்கிம்மா!"
தரையில் கால் பாவவில்லை எனக்கு.

ஜூன் 15
இருபத்தைந்து கிலோ. ரப்பர் சீப்பால் வாரினால் அடிமயிர் கூடை கூடையாக வருகிறது. காது துடைக்கையில் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டது. தொடை மரத்துப்போனது. நகரவில்லை.

ஜூலை 4
பெரிய வீட்டுக்காரர் வந்தார். தன் டிரைவருக்குக் கந்தல் சட்டை மாட்டி வாசல் வழியாக நடக்கவிட்டார். பூசணி பார்த்தது. உட்கார்ந்தது.
"என்ன இது, குரைக்கலையே?"
"வாசல் வழியா வர்றவங்கள ஒண்ணும் பண்ணாது சார். மதில் ஏறச் சொல்லிப் பாருங்க."
"இந்த மாதிரி ஆளுங்க கேட்டுப் பக்கமே வரக்கூடாது. அதுக்குத்தான் நாயி."
டிரைவர் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.
"அப்ப வேற நாய் பாருங்க." சொன்னது நான்தான்!
கார் போனதும் மாஸ்டர், "பத்து நாள் தரேன். வாங்க ஆளக் கொண்டா. இல்லேன்னா நீயும் அதுவும் ரெண்டு பேரும் கிளம்புங்க."

ஜூலை 9
அண்ணன் கேன் போடும் வீடெல்லாம் கேட்கிறான். ஒரு வீட்டில், "உன்னைப் பாத்துக் குரைக்காத நாய் எங்களுக்கு எதுக்குப்பா?" என்றார்களாம். அவனிடமே.

ஜூலை 12
வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றின் வார்டன் அம்மாவை அண்ணன் அழைத்து வந்தான். நான் முதலிலேயே போட்டு உடைத்தேன்: "அழுக்குச் சட்டையப் பாத்தா குரைக்காதும்மா."
"எங்க சுவரைத் தாண்டுறவன் எவனும் அழுக்குச் சட்டையில வர்றதில்லைம்மா. எல்லாம் பைக்கு, சென்ட்டு. பயத்துல பொண்ணுங்க மதில் பக்கத்து ஜன்னலையே திறக்கிறதில்ல. அவனுங்களப் பாத்துக் குரைக்குமா?"
தெரியாத ஆள் ஒருவரை மதில் ஏறவிட்டேன். பூசணி போட்ட சத்தத்தில் அந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.
"இன்னைக்கே கூட்டிட்டுப் போகவா?"

ஆகஸ்ட் 2
மாஸ்டர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் புதுக் குட்டியொன்றை பூசணி இருந்த கூண்டில் விட்டிருக்கிறார்.
மாலை விடுதிக்குப் போய்ப் பூசணியைக் குளிப்பாட்டினேன். முற்றமெல்லாம் ஈரம். ஆளுக்கொரு துண்டோடு ஆறு பெண்கள். நிமிர்ந்து பார்த்தேன்: மதில் பக்கத்து அறைகளில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தது.