பன்னிரண்டு இன்னும் மதிலில் இருக்கிறது, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் தொலைபேசி என்னிடம்தான் இருக்கிறது, இன்னும் அடிக்கிறது. "மெம்பர் ஐயா இருக்காரா?" என்று கேட்பவர்களிடம் நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நீங்க பேசுங்க" என்கிறார்கள். கட்டுகஸ்தோட்டை வீட்டு முன்கூடத்தில் அதே ஆறு கதிரைகளில் காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றுகிறார். நான் பின்கதவால் இறங்கி, நான் படிப்பிக்கும் பன்வில பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறுகிறேன்.

மாகாண சபைத் தேர்தலை இந்த முறை வைத்தே விடுவார்கள் என்று பேச்சு. நீங்கள் தோற்ற தேர்தலுக்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் நடக்கவில்லை அல்லவா? செவ்வாய்க்கிழமை கட்சி அமைப்பாளர் ராஜு அண்ணன் வந்து, வேட்பாளர் சம்மதக் கடிதத்தை உங்கள் படத்துக்குக் கீழே வைத்தார். அதில் என் பெயரைத் தட்டச்சே செய்திருந்தார்கள்.

"திங்கக்கெழம கொழும்புக்கு அனுப்பணும் தங்கச்சி. ஒங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி."

"நான் சரின்னு சொல்லலியே அண்ணே."

"ஒங்களயா கேட்டோம்? தோட்டத்துச் சனம் கேக்குது."

பிறகு உங்கள் வரலாற்றை எனக்கே ஒப்பித்தார். நான்கு தேர்தல், முதலாவதில் தோல்வி, அடுத்த இரண்டில் வெற்றி, கடைசியில் மறுபடி தோல்வி. அந்தக் கடைசித் தோல்விக்கு வந்ததும், எல்லோரையும் போல அவரும் "அது நம்ம சனம் செஞ்ச பெழ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வாக்குச்சீட்டில் கட்சிக்குப் பெருக்கல் குறியாக ஒரு புள்ளடி, ஆளின் இலக்கத்துக்கு ஒரு புள்ளடி. இலக்கம் சிங்கள அகரவரிசைப்படி விழுவது. நாம் கேட்டு வாங்க முடியாது. நீங்கள் வென்ற இரண்டு முறையும் எப்படியோ பன்னிரண்டே விழுந்தது. சனங்கள் அதை உங்கள் சொந்த நம்பராகவே எண்ணிவிட்டார்கள். தேயிலைத் தோட்டங்களின் லயத்துச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கோயில் மதிலிலும் எனாமல் பெயின்டில் பன்னிரண்டு எழுதியிருந்தார்கள். கடைசி முறை உங்களுக்கு விழுந்தது பத்தொன்பது. பன்னிரண்டு நம் கட்சியிலேயே கம்பளைப் பக்கத்து ஒருவருக்குப் போனது. மடுல்கெல்ல எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்போது நான் கெம்பஸ் படிப்பு விடுமுறையில் வந்திருந்தேன். "நாலு தோட்டத்துலயும் பழைய நம்பர அழிச்சிட்டு புதுச எழுதிரும்மா பாப்பா. ஒன்ன நம்பித்தான் விடுறேன்" என்று சுண்ணாம்பு வாளியையும் பெயின்ட் டின்னையும் கொடுத்தீர்கள். மூன்று தோட்டத்தில் எழுதினேன். நான்காவது, மடுல்கெல்லவுக்கு மேலே நீங்கள் பிறந்த கீழ்ப்பிரிவு. கோயிலடி மதிலுக்கு முன்னால் தூரிகையோடு நின்றேன். பிறகு வாளியைச் சரிவில் கவிழ்த்துவிட்டு வந்து, அங்கே மழை என்று சொன்னேன். மழை பெய்யவில்லை அப்பா.

அம்மாவுக்குப் பேராதனை ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் நடந்த அன்று நீங்கள் ஹேவாஹெட்டயில் ஒரு மரணவீட்டில் இருந்தீர்கள். இறந்தது யார் என்று பிறகு கேட்டேன். உங்களுக்கே பெயர் நினைவில்லை. நீங்கள் தோற்றால் வீட்டுக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். என் அரசியல் அவ்வளவுதான்.

கடைசிக் கூட்டத்தில் அந்த மதிலுக்கு எதிரே நின்றுதான் பத்தொன்பது, பத்தொன்பது என்று மைக்கில் சொன்னீர்கள். சனங்கள் கை தட்டிவிட்டு, தினமும் கண்ணில் பட்ட பன்னிரண்டுக்கே புள்ளடி போட்டார்கள். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் கம்பளைக்காரர் வென்றார். அந்தக் கூட்டம் முடிந்த இரவே வீட்டுக்கு வந்த நீங்கள், "அங்க மழயாமே பாப்பா?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். தெரிந்துதான் கேட்டீர்களா?

தோற்றபின் வீட்டுக்கு வந்தீர்கள், சரி. ஆனால் கேட்டைப் பார்த்துப் போட்ட கதிரையில் உட்கார்ந்து "அடுத்த தடவ பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். அடுத்த தடவை வரவேயில்லை.

நேற்று, முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் கீழ்ப்பிரிவுக்குப் போனேன். கோயில் கமிட்டிப் பவளம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யாவ தோக்கடிச்சது நாங்கதான் டீச்சர். கண்ணு முன்னால பன்னெண்டு இருந்துச்சு, போட்டுட்டோம். இந்தத் தடவ ஒங்கள ஜெயிக்க வச்சாத்தான் அந்தப் பாவம் தீரும்."

அவர்கள் செய்யாத பிழைக்கு நான் பரிகாரமாம். அதற்கு மேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொன்னால் துரத்திவிடுவார்கள், தப்பித்து பஸ் ஏறலாம் என்ற ஆசையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

அக்கா மதில் பக்கம் திரும்பினார். "இத்தன வருசம் எங்களயே நாங்க திட்டிக்கிட்டுக் கெடந்தோம்" என்றார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். நீங்கள் போட்ட கொங்கிரீட் பாதை கோயிலடியோடு நிற்கிறது; அதற்கு அப்பால் லயம் வரைக்கும் இன்னும் கல்தான்.

"எம் புருசன ஆஸ்பத்திரிக்குன்னு கம்பளியில வச்சி அந்தக் கல்லு ரோட்டுலதான் தூக்கிட்டு வந்தோம். கோயிலடிக்கு வரும்போதே மூச்சு நின்னுருச்சு. அய்யா சபையில இருந்திருந்தா லயத்து வரைக்கும் ரோட்டு வந்திருக்கும்."

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிப்ப வச்சி ரோட்டு போட ஏலாது டீச்சர். கையெழுத்துப் போடுங்க."

தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்வினை பவளம் அக்காவைச் சுட்டிருக்கிறது. இனி எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம் அப்பா. அந்த ஆறு கதிரைகளைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. என் மகளுக்கு எட்டு வயது. கடிதத்தில் என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "மெம்பரா இருந்தப்ப தாத்தா வீட்டுலயே இருந்ததில்லன்னு பாட்டி சொன்னாங்க. இனி நீங்களும் வீட்டுல இருக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் உங்களிடம் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வத்தேகமயில் வாங்கிய சுண்ணாம்பு வாசலில் இருக்கிறது. கீழ்ப்பிரிவு மதிலில் இருக்கும் பன்னிரண்டை இன்று அழித்துவிடுவேன், புதிதாக எதுவும் எழுத மாட்டேன். திரும்பி வந்து அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவேன். ஒன்று மட்டும் சத்தியம் அப்பா: என் மகள் கையில் ஒரு நாளும் அந்த வாளியைக் கொடுக்க மாட்டேன்.

வெளியே மழை பெய்கிறது, இந்த முறை உண்மையாகவே. சுண்ணாம்பு பிடிக்காவிட்டால் சுரண்டி எடுக்கிறேன்.

நீங்கள் நம்பி அனுப்பிய மகள்,
பாப்பா