கிளெம்மி கூப்பிட்ட இடம்

சிகாகோ,
பிப்ரவரி 1973

அன்புத் தங்கை ஒடெஸ்ஸாவுக்கு,

உன் அக்கா வெர்டெல் எழுதுவது. அம்மா நலம், உன் அண்ணன் ரோசெல் நலம், நானும் நலம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன். அதில் எவ்வளவு நிஜம் என்று போகப் போக உனக்கே தெரியும். உன் வீட்டுக்காரர் ஹார்லனை விசாரித்ததாகச் சொல். ஜெர்மனியில் முட்டைக்கோஸைப் புளிக்க வைத்துத் தின்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பன்னிக்கால் போட்டு வேகவைக்கக்கூடவா ஆளில்ல அந்த ஊர்ல? எம்பொண்ணு துரும்பா இளைச்சிருப்பா" என்றாள். நீ அனுப்பிய போட்டோவில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கிளெம்மி சாவதற்கு முன் பாடி வைத்த கடைசி இசைத்தட்டை ஈஸ்டருக்குப் பிறகு வெளியிடப் போகிறார்கள். அதில் கடைசிப் பாட்டு முடியாமல் நிற்கிறது. அதை முடிக்க உன் குரல் வேண்டும். நீ வரவில்லை என்றால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் பாட்டை அதற்கு முன்னாலேயே முடித்துவிடுவார்களாம். ஏன் உன் குரல்தான் வேண்டும் என்று கேட்பாய். முழுசாக எழுதுகிறேன். பிடிக்காத இடம் வந்ததும் கடிதத்தை மடித்து டிராயரில் போட்டுவிடாதே. உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

கம்பெனிக்காரர் விட்காம் போன வாரம் வீட்டுக்கு வந்தார். இசைத்தட்டு உறையின் பின்பக்கம் கிளெம்மியின் வாழ்க்கையை அச்சடிக்க வேண்டுமாம். நெஞ்சை உருக்கும் அந்தக் குரல் எங்கேயிருந்து வந்தது என்று என்னைக் கேட்டார். அடுப்படியிலிருந்து என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. மிசிசிப்பியில் பிறந்தார், சின்ன வயதில் ரயிலேறி சிகாகோ வந்தார், சர்ச்சில் பழப்பெட்டி மேல் நின்று பாடினார், உடன்பிறந்தவர்களோடு டில்லரி குடும்பம் என்ற பெயரில் நாடெங்கும் பாடினார், சோல் இசைப் பாடகிகளில் முன்வரிசைக்கு வந்தார், இளம் வயதில் மறைந்தார். எல்லாம் சரிதான். ஒன்றும் பொய்யில்லை. அவர் எழுதியதைப் படித்து முடித்தபோது யாரோ ஒரு நல்ல பெண் செத்துப்போனாள் என்றிருந்தது. நம் வீட்டுப் பெண்ணாகத் தெரியவில்லை.

கறுப்பர்களுக்கு அறை தராத ஊர்களில் நாம் காருக்குள்ளேயே ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கியது அதில் இல்லை. நம் முதல் பாட்டு ரேடியோவில் வந்த அன்று, சலவைக்கடையில் யாருடைய சட்டைக்கோ இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கிளெம்மி நிமிர்ந்து, "யாருடி இவ, மூக்காலயே பாடுறா" என்று கேட்டதும் இல்லை. அவள் ரத்தத்தில் இருந்த நோயைப் பற்றி, அடிக்கடி களைப்புற்றார் என்று எழுதியிருக்கிறார்கள். களைப்பாம். மேடையில் என் தோளில் கை போட்டுப் பாடுவாளே, அதைப் பார்த்து என்ன பாசம் என்று ஜனங்கள் கைதட்டுவார்களே! எலும்புக்குள் வலி கிளம்பும்போது அவள் விரல்கள் என் தோளைக் கவ்வும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அவள் குரல் மட்டும் ஒரு நூல்கூட அசையாது. அது சர்ச்சில் யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை.

நம் வீட்டு வழக்கம் ஒன்றையும் விட்காமிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அதையும் அழகாக்கி அச்சடித்துவிடுவார். அம்மா அடுப்பில் கீரையைக் கிளறியபடி ஒரு பாட்டைத் தொடங்குவாள். நடுவில் நிறுத்தி நம்மில் ஒருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். கூப்பிட்டவர் எங்கே இருந்தாலும் அங்கிருந்தே அடுத்த அடியை எடுக்க வேண்டும். ரோசெல் ஒருமுறை குளியல் தொட்டிக்குள் சோப்பு நுரையோடு எடுத்தானே, ஞாபகமிருக்கிறதா? பதில் வரும்வரை அம்மா அடுத்த அடிக்குப் போக மாட்டாள். கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள், கீரை தீய்ந்தாலும் கவலைப்பட மாட்டாள். நம் மேடை முழுக்க அந்தச் சமையலறைதான். முன்னால் நிற்கும் கிளெம்மி திரும்பி, "வெர்டெல்!" என்பாள், நான் எடுப்பேன். "ரோசெல், சொல்லுடா!" என்பாள், அவன் எடுப்பான். ஜனங்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

உன்னை அவள் மேடையில் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அது எனக்கும் தெரியும். கடைக்குட்டி நீ, பின்னால் நின்று மேல்சுருதி கொடுக்க வேண்டியவள் என்று எல்லோருமே வைத்துவிட்டோம். டெட்ராய்டில் நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் நீ காதணிகளைக் கழற்றி மேஜையில் வீசினாயே, "இத்தன வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கியா?" என்று கேட்டாயே. அவள் முகத்திலிருந்த பவுடரைத் துடைத்தபடி கண்ணாடியைப் பார்த்தே சொன்னாள்: "கூப்பிடறதுக்கு அங்க ஒரு குரல் இருக்கணும்டி. உங்கிட்ட இருக்கிறது எதிரொலி." அந்த வார்த்தையை எந்த அக்காவும் சொல்லியிருக்கக் கூடாது. அன்று அவளுக்கு நிற்க முடியாத வலி என்று சொல்லி நான் அதை மழுப்பப் போவதில்லை. வலி இருந்தது, வார்த்தையும் இருந்தது.

நீ ஹார்லனோடு போய்விட்டாய். அவள் செத்தபோது பனியில் விமானம் இல்லை என்று தந்தி வந்தது. பூ அனுப்பியிருந்தாய். அழகான வெள்ளைப் பூ. அதைத் தூக்கிக் குப்பையில் போடலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மா வாங்கி, தானே கொண்டுபோய்ச் சவப்பெட்டியின் கால்மாட்டில் வைத்தாள். அந்தக் கோபமெல்லாம் எனக்கு ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதி ஆறியிருக்கிறது.

இப்போது அந்த டேப்பைப் பற்றி. நீ போன பிறகு ஒரு மத்தியானம், நான் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்த சமயம், கிளெம்மி தனியாக ஸ்டூடியோவுக்குப் போய் வாத்தியக்காரர்களை மட்டும் வைத்துக்கொண்டு ரோசெல் எழுதிய ஒரு பாட்டைப் பாடிவிட்டு வந்திருக்கிறாள். எங்களிடம் மூச்சு விடவில்லை. பதிவு செய்த லெமுவேல் மட்டும்தான் கூட இருந்தான். போன மாதம் பின்குரல் சேர்க்க என்னையும் ரோசெலையும் கூப்பிட்டான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டோம். இரண்டு சரணம் கிளெம்மி பாடினாள். அவள் மூச்சு இழுப்பது என் கழுத்தில் படுவதுபோல இருந்தது. மூன்றாவது சரணம் வரும் இடத்தில் அவள் நிறுத்திவிட்டு, உன் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"டெஸ்! இப்போ நீ."

அதற்கப்புறம் சரணம் முழுக்க வாத்தியம் மட்டும் போகிறது. பாட்டு இல்லை. ஆனால் கிளெம்மி அங்கேயே இருக்கிறாள். நீ பாடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். முதல் அடி முடியும் இடத்தில் "ம்ம்" என்கிறாள். இரண்டாவதில் "அவசரப்படாத, அவசரப்படாத" என்கிறாள். 'வீடு' என்று எங்கே வந்தாலும் நீ குரலை மேலே வழுக்கி விடுவாயே, அதற்கு அவள் உன்னைத் திட்டாத நாள் உண்டா? அந்தச் சொல் வரவேண்டிய இடத்தில் அவள் சிரிக்கிறாள். "அப்படித்தான்டி, என் தங்கம்" என்கிறாள். யாரும் பாடவில்லை டெஸ். அந்த அறையில் நீ இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சிரித்த இடத்தில் எனக்கு உன் குரல் கேட்டது. உயிரோடு இருப்பவள் அவள் என்றும், செத்துப்போனவள் நீ என்றும் ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றிவிட்டது. ரோசெல் காதிலிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

ஸ்டூடியோவை விட்டு வந்தவள் உன்னிடம் போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லெமுவேல் கேட்டானாம், தங்கச்சிதான் கடல் தாண்டிப் போய்விட்டதே என்று. "கூப்பிட்டாச்சுல்ல, வருவா. எங்க வீட்ல கூப்பிட்டா வந்துதான் ஆகணும்" என்றாளாம். உன் காதில் விழவே விழாத இடத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறாள், அந்தக் கர்வம் பிடித்தவள். நேரே உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க அவள் வாய் வளையவில்லை. பாட்டில்தான் வளைந்தது. அதற்குப் பிறகு அவள் எழுந்து நடமாடியது கொஞ்ச நாள்தான்.

விட்காம் லோரைன் என்ற பெண்ணை அழைத்து வந்தார். நல்ல குரல், மரியாதை தெரிந்த பெண். அந்தச் சரணத்தை ஒரு பிசகில்லாமல் பாடினாள். சேர்த்துப் போட்டுக் கேட்டால் கிளெம்மி சிரிக்கிற இடத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை. "அப்படித்தான்" என்கிற இடத்தில் லோரைன் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பெண் கோட்டை மாட்டிக்கொண்டு, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவங்க என்னக் கூப்பிடல. எனக்கு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகு என்னைப் பாடச் சொன்னார்கள். போய் நின்றேன். "டெஸ்" என்று அவள் கூப்பிட்டதும் என் வாய் திறக்கவில்லை. என் பெயர் வெர்டெல்.

அன்றிலிருந்து அந்தக் கூப்பாடு வீட்டுக்குள் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது குழாயை மூடினால் கேட்கிறது. பஸ் புறப்பட்டுப் போன பிறகு வரும் அமைதியில் கேட்கிறது. என்னைக் கூப்பிட்டாலாவது "என்னடி" என்று சொல்லலாம். ரோசெலிடம் கேட்டேன், உனக்கும் கேட்கிறதா என்று. "என்னக் கேக்காத அக்கா" என்றான். அதுவே பதில்தான்.

அம்மாவிடம் மறைத்துதான் வைத்திருந்தோம். அவள் மோப்பம் பிடித்துவிட்டாள். எம்பொண்ணு பாட்டை நான் கேட்க யாருடைய அனுமதி வேண்டும் என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஸ்டூடியோ நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சர்ச்சில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். கிளெம்மி உன்னைக் கூப்பிட்டதும் அம்மா தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள். சரணம் முடியும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. காரில் திரும்பி வந்தோம். வீட்டுத் தெரு திரும்பியதும் சொன்னாள்: "அவ போகலடி. இன்னும் அங்கயேதான் நிக்கிறா. பதில் வராம எப்படிப் போவா?"

அம்மா இப்போதெல்லாம் அடுப்படியில் பாடுவதில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா பாடாமல் ஒரு கீரை வெந்ததில்லை, உனக்கே தெரியும். ஏனம்மா என்று கேட்டால், ஒருத்தி கூப்பிட்டுவிட்டு நிற்கும்போது இன்னொரு பாட்டை எப்படித் தொடங்குவது என்கிறாள். சாப்பாடு ருசியாகத்தான் இருக்கிறது. சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறோம்.

ஆகையால் வா. டிக்கெட் விஷயத்தை ரோசெல் பார்த்துக்கொள்வான். ஹார்லனுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. இங்கே யாரும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். நான் கொஞ்சம் சொல்வேன், அதைப் பொறுத்துக்கொள். அந்தச் சரணத்தை ஒரே ஒரு தடவை பாடினால் போதும். 'வீடு' என்ற இடத்தில் உன் இஷ்டப்படி வழுக்கு, இனிமேல் உன்னை யார் திட்டப் போகிறார்கள்? நீ பதில் சொல்லிவிட்டால் அவள் போய்விடுவாள். அம்மாவும் பாடுவாள். எல்லாம் சரியாகிவிடும் என்று எல்லோரிடமும் நானே தைரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நேற்று பாத்திரம் கழுவும்போது குழாயை மூடிவிட்டு, அவள் கூப்பிடுவதற்காகக் கையைத் துடைக்காமல் காத்துக்கொண்டு நின்றேன். நீ வந்து பாடிவிட்டால் அப்புறம் அதுவும் கேட்காது. ஒடெஸ்ஸா வரவே கூடாது கடவுளே என்று நேற்று நான்தான் வேண்டிக்கொண்டேன்.

அந்த வேண்டுதலை அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கட்டும். உன் தொண்டையையும் உன் வழியையும் அவர் காப்பாற்றட்டும். சீக்கிரம் வா, டெஸ்.

உன் அக்கா,
வெர்டெல் டில்லரி