பூனையை நீயே அனுப்பிவிடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய், வீட்டுக்குள் பேசினால் உன் மகள், அந்த வாண்டு, காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், வெளியே போனால் லாரி இரைச்சல், எனக்கும் பேச்சு கோபமாகத்தான் வருகிறது. மருந்துக்கடைக்காரர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவளுக்கு மூச்சிழுப்பு குறையவே இல்லை. எதிரே சிமெண்ட் கிடங்குக்கு லாரிகள் வந்தபடி இருக்கின்றன, துடைத்த மேசை திரும்பிப் பார்ப்பதற்குள் தூசி படிந்து வெளுத்துவிடுகிறது. ஜன்னலைச் சாத்தினால் என் துணிப்பஞ்சு உள்ளேயே சுற்றுகிறது என்று தையல் மெஷினைப் பின்பக்கம் இழுத்துப் போட்டேன். புத்தி ஓரிடத்தில் நிற்காமல் ஒரு சட்டைக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்துவைத்தேன். மருந்து தவறாமல் கொடுத்தும் ஏன் இப்படி என்று டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவர் வாண்டிடம் எங்கே என் முன்னாடி எடு பார்க்கலாம் என்றார். இவள் சமர்த்தாக இன்ஹேலர் குழாயை வாயில் வைத்தாள், உள்ளே இழுக்கவில்லை, வெளியே ஊதினாள்! தினமும் பக்கத்தில் நின்று அழுத்திவிடும் எனக்கும் உன் அம்மாவுக்கும் கண் எங்கே போயிற்றோ.

கேட்டால், மருந்து உள்ளே போனால் பூனை செத்துப்போயிடுமாம். நெஞ்சு கீச்சிட்டால் பயப்படாதே, உள்ளே ஒரு பூனைக்குட்டி தூங்குகிறது என்று நீ சொன்னாயே, அதே பூனைதான். அவள் பயம் தெளியத்தான் சொன்னாய், உன்மேல் குற்றமில்லை, ஆனால் இவள் அதை வளர்க்கிறாள் அம்மாடி. பூனையும் இல்லை ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதற்கு, உங்களுக்கு என்ன தெரியும் தாத்தா, அம்மாவுக்குத்தான் தெரியும் என்கிறாள். இன்னொரு தடவை முற்றினால் ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வரும் என்கிறார் டாக்டரம்மா.

அதனால் நீதான் அந்தப் பூனையை வெளியே அனுப்பவேண்டும். மிரட்டாதே, எங்காவது சுகமாக இருக்கிறது என்று சொல். இன்னொன்று, இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைத்தேன். நேற்றுத் தலைவாரும்போது உன் அம்மாவிடம் கேட்டாளாம், பூனை போயிட்டா அம்மா போன்ல யாரைக் கேப்பாங்க என்று. நீ கூப்பிட்டதும் பூனை என்ன பண்ணுது என்றுதானே ஆரம்பிக்கிறாய்.

வேளைக்குச் சாப்பிடு, நீடூழி நன்றாயிரு. படித்ததும் கூப்பிடு, முதல் வார்த்தையாக அவளை விசாரி.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா