ஒரே குடும்பமா, இரண்டு குடும்பமா?

திருவொற்றியூர்
9.6.2025

சினேகா அப்பாவுக்கு,

பிரியா எழுதுவது. நானும் சினேகாவும் சுகம். விசாகப்பட்டினத்தில் வெயில் இங்கேயைவிட மோசம் என்று டிவியில் சொன்னார்கள். தலையில் துண்டு இல்லாமல் போட்டில் ஏறாதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. எழுதினால் யாரும் நடுவில் வெட்டிப் பேச முடியாது. நேரில் நீ, வா, போ என்பவளுக்கு எழுதும்போது 'நீங்கள்' என்றுதான் வருகிறது. சிரிக்காதீர்கள்.

விஷயம் வீட்டைப் பற்றியது. போன வாரம் கரண்ட் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். ரீடிங் எடுக்கிறவர் இல்லை, அவருக்கு மேலே உள்ளவர். வாசலிலேயே நின்றுகொண்டு, "கீழ ஒரு மீட்டர் கீது, மேல ஒரு மீட்டர் கீது. நீங்க ஒரே குடும்பமா, ரெண்டு குடும்பமா?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் வெளியூர்ல போட் இன்ஜின் மெக்கானிக்கா இருக்காரு" என்றேன். "வந்துகினு போய்கினு இருப்பாரா?" என்றார். நீங்கள் போனதிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை என்பதை மூன்றாம் மனிதரிடம் எப்படிச் சொல்வது? "வருவார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

ஒரே குடும்பம் என்றால் இரண்டு மீட்டரையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்களாம். மோட்டாரும், சினேகா படிக்கும் மேல் அறை ஃபேனும் மேல் மீட்டரில்தான் ஓடுகின்றன. சேர்த்தால் இலவச யூனிட் ஒரு மீட்டருக்குத்தான், பில் தலைக்கு மேல் ஏறும். சரி, இரண்டு குடும்பம் என்று சொல்லிவிடலாம் என்று வார்டு ஆபீசில் விசாரித்தால், அப்படியானால் மாடியில் வேறு குடித்தனம் என்று கணக்காகும், வீட்டு வரி, தண்ணீர், கழிவுநீர், குப்பை எல்லாம் இரண்டு இரண்டாக வரும் என்கிறார்கள். ஏற்கெனவே வீட்டு வரி ஏறிய நோட்டீஸ் பீரோவில் இருக்கிறது. அங்கே ஒன்று சொன்னால் இங்கே அடிக்கிறது, இங்கே ஒன்று சொன்னால் அங்கே அடிக்கிறது.

வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நான் என்ன சொல்லட்டும்?

மோகனப்ரியா

&nbsp;

விசாகப்பட்டினம்
15.6.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! சினேகாவுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததா? அதை எழுதவே இல்லையே.

இங்கே மீன்பிடித் தடை நேற்றோடு முடிந்து போட்டுகள் எல்லாம் கடலுக்குக் கிளம்புகின்றன. இரண்டு மாதம் சும்மா கிடந்த இன்ஜின்கள் கிளம்ப மறுக்கின்றன, எனக்கு மூச்சுவிட நேரமில்லை. மெஸ்ஸில் காரம் தாங்க முடியவில்லை. இவர்கள் வைக்கும் மீன் குழம்பில் புளி மட்டும்தான் தெரிகிறது.

நான் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சொல்கிறேன். மழை வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் வந்து வலையெல்லாம் கறுத்துப்போனதே, அப்போதே வீட்டை விற்றுவிட்டு மூன்று பேரும் இங்கே வந்துவிடலாம் என்றேன். நீ கேட்கவில்லை. காசிமேட்டு ஐஸ் கம்பெனி வேலையை விட மாட்டேன், வீட்டை விற்க மாட்டேன் என்றாய். அந்தப் பேச்சில்தான் நான் மாடிக்குப் போனேன், அப்புறம் இங்கே வந்தேன். இப்போது அந்த வீடு ஒவ்வொரு மாதமும் உன்னிடம் பணம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ரோடு வந்ததா? கால்வாய் மூடினார்களா? வரியை எதற்கு ஏற்றுகிறார்கள் என்று யாராவது சொன்னார்களா?

நீ கேட்டதற்கு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. எது குறைவாக வருமோ அதைச் சொல். இங்கே கூட வேலை செய்கிறவரிடம் கேட்டேன், கரண்ட் பில்தான் வருஷம் பூராவும் வரும், அதனால் இரண்டு குடும்பம் என்று சொல்லிவிடுவதே நல்லது என்றார். அப்படியே சொல்லிவிடு.

சினேகாவுக்கு என் அன்பு.

டில்லிபாபு

&nbsp;

திருவொற்றியூர்
22.6.2025

சினேகா அப்பாவுக்கு,

சினேகாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. எலக்ட்ரிகல். "நானே மீட்டரைப் பிரிச்சு மாட்டிடுறேன்மா" என்கிறாள்.

"அப்படியே சொல்லிவிடு" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். சொல்லப் போனேன். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை நம் தெருவுக்காக வார்டு ஆபீசில் குறை கேட்கும் முகாம் போட்டார்கள். ஐஸ் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். தெரு முழுக்க அங்கேதான் இருந்தது. நம் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் சுப்புராயன் மனுவைப் படிக்க ஆரம்பித்தார், பாதியிலேயே சத்தம் வந்துவிட்டது. "சாக்கடத் தண்ணி வூட்டுக்குள்ள வந்துகினு கீது, அதுக்கும் கழிவுநீர்க் கட்டணமா?" என்று ஒருவர். "போன வருசம் ஏத்துனீங்க, இந்த வருசமும் ஏத்துறீங்க, எங்க சம்பளத்த யாருய்யா ஏத்துறது?" என்று இன்னொருவர். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "நான் வாங்கி வைக்கிறேன், மேல அனுப்புறேன்." பாவம், அவருக்கும் ஏன் ஏறியது என்று தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் முறை வந்தது. இரண்டு குடும்பம் என்றேன். ரேஷன் கார்டைப் பார்த்தார். "ஒரே கார்டுதானே இருக்கு? விவாகரத்து ஆயிடுச்சா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, சத்தத்தில் எனக்குக் காது கேட்க வேண்டுமே என்று உரக்கக் கேட்டார். அந்த நேரம் பார்த்து எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். எதிர்வீட்டு தஹ்சீன்தான் எனக்கு முன்னால் வந்து நின்றாள். "இன்னா மேடம், வரி கட்ட வந்தவளாண்ட புருசன் கத கேட்டுகினு கீற?" என்று சண்டைக்குப் போய்விட்டாள். அவளை இழுத்துக்கொண்டு வெளியே வருவதே பெரும் பாடாகிவிட்டது.

சினேகா என்னோடு வந்திருந்தாள். ஷேர் ஆட்டோவில் வரும்போது, "நாம எத்தினி குடும்பம்மா?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

விவாகரத்து இல்லை என்றால், ஒரே வீட்டில் தனித்தனியாக வாழ்கிறோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டுமாம். ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். என் இடத்தில் நான் இன்னும் போடவில்லை. இரண்டு குடும்பம் என்றது நீங்கள். நீங்கள் முதலில் போடுங்கள்.

மோகனப்ரியா

&nbsp;

விசாகப்பட்டினம்
28.6.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

பத்திரத்தைக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நோட்டரியிடம்தான் போட வேண்டும் என்றார்கள். அவர் தமிழைப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, "விடிபோயாரா?" என்றார். பிரிந்துவிட்டீர்களா என்று அர்த்தம். "ட்யாக்ஸ் கோசம்" என்றேன், வரிக்காக என்று. அவர் முத்திரை குத்திவிட்டு, இந்தக் காரணத்துக்காக யாரும் தன்னிடம் வந்ததில்லை என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முகாமில் நடந்ததற்கு எனக்கு வருத்தம். தஹ்சீனுக்கு என் நன்றியைச் சொல்.

நீயும் போட்டுக் கொடுத்துவிடு. உன் தலைவலி தீரட்டும்.

டில்லிபாபு

&nbsp;

திருவொற்றியூர்
5.7.2025

சினேகா அப்பாவுக்கு,

உங்கள் பத்திரம் வந்து சேர்ந்தது. ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே விஷயம் முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை, பத்திரத்துக்குக் காத்திருக்காமல், வார்டு ஆபீசிலிருந்து நேரில் பார்வையிட ஒருவர் வந்தார். ரிட்டயர் ஆகும் வயது, மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். மேல் அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உங்கள் கட்டில், உங்கள் டூல்ஸ் பெட்டி, சினேகாவின் புத்தகங்கள். எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

"அடுப்பு எங்கம்மா?" என்றார்.

"மேல அடுப்பு இல்ல சார்."

"அப்ப அவரு இங்க இருந்தப்போ இன்னா சாப்டாரு?"

"கீழருந்து பொண்ணு தட்டுல எடுத்துக்கினு வரும்."

"ரெண்டு குடும்பம், தனித்தனியா இருந்தோம்னு முகாம்ல சொல்லியிருக்கீங்க?"

"ஆமா சார். பேசிக்க மாட்டோம்."

"பேசாம சோறு மட்டும் போட்டீங்களா?"

"பசிக்கும்ல சார்" என்றேன்.

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். "ஒரே சமையல்னா ஒரே குடும்பம்தாம்மா. நான் இன்னா பண்றது, அப்டித்தான் எழுதணும்" என்றார். நான் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர் போனபிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கரண்ட் பில்லை நினைத்து அழுகிறேன் என்று சினேகா நினைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவையிலிருந்து கரண்டுக்கு ஒரே பில்தான் வரும், கூடத்தான் வரும். மாடிக்குத் தனி வரி இல்லை என்றார்கள். ஆனால் எல்லோருக்கும் ஏறிய வரி நமக்கும் ஏறியதுதான், அதில் மாற்றமில்லை. சுப்புராயன் கொடுத்த மனுவுக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். "நம்பர் குட்தாங்க, பதில் குட்ப்பாங்களா?" என்று தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறார்.

பிறகு வியாழக்கிழமை உங்கள் பத்திரம் வந்தது. ஆபீசுக்கு இனி அது வேண்டாம். எனக்குத்தான் அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. யாரோ ஒரு மனிதர், நம்மைத் தெரியாதவர், மாடியில் அடுப்பு இல்லாததைப் பார்த்துவிட்டு நாம் ஒரே குடும்பம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். என்னைத் தெரிந்த நீங்கள் முத்திரை குத்தி இரண்டு என்று அனுப்புகிறீர்கள். அனுப்பச் சொன்னதும் நான்தான். அதனால் கோபப்படவும் முடியவில்லை. நீங்கள் போட மாட்டீர்கள் என்று எங்கேயோ நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அது தபால் வந்த அன்றுதான் எனக்கே தெரிந்தது.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அந்தக் கையெழுத்து ஆபீசுக்காகப் போட்டதா, எனக்காகப் போட்டதா?

பிரியா

&nbsp;

விசாகப்பட்டினம்
11.7.2025

பிரியா,

ஆபீசுக்காகத்தான் போட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். அது பொய்யில்லை, ஆனால் அவ்வளவுதான் என்றும் சொல்ல முடியவில்லை.

நோட்டரி ஆபீசிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஒரு வழியாக ஏதோ ஒன்று முடிவானது என்ற நிம்மதி. மெஸ்ஸுக்கு வந்து உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. ஒரே கையெழுத்துக்கு எப்படி இரண்டும் வரும்? அன்றிலிருந்து அதே யோசனையாக இருக்கிறேன். ஒரு இன்ஜினில் போல்ட்டை மாற்றிப் போட்டு முதலாளியிடம் திட்டும் வாங்கினேன்.

நீ தட்டு அனுப்பியபோதெல்லாம் சினேகா தானாகக் கொண்டு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் பெரியவருக்குப் படியேறி வந்த உடனே தெரிந்தது எனக்கு அங்கே குடியிருந்தும் தெரியவில்லை.

வீட்டை விற்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது. ஊர் நம்மைப் பிழியத்தான் போகிறது, இந்த வருஷம் இது, அடுத்த வருஷம் வேறு ஒன்று. நீ விற்க மாட்டாய் என்றும் தெரிகிறது. இதில் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல், சண்டை போடாமல் கேட்கிறேன். போட்டாலும் எழுந்து போக மாட்டேன்.

முதலாளியிடம் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். 19ஆம் தேதி சனிக்கிழமை காலை ரயிலில் சென்ட்ரலில் இறங்குவேன். ஏன் வந்தாய் என்று வாசலிலேயே கேட்காதே, பதில் தெரிந்துகொண்டு வரவில்லை. எத்தனை நாளைக்கு என்றும் தெரியாது. பத்திரத்தை அதுவரை அப்படியே வைத்திரு, இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.

பையை மாடியில் வைப்பதா, கீழே வைப்பதா என்று மட்டும் நீ சொல்லு.

டில்லிபாபு