நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் வலது கணுக்கால் மட்டும் இன்னும் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் இந்தக் கோபத்திலும் வேண்டிக்கொள்கிறேன். குட்டிக்கு முன்பல் விழுந்த படத்தைப் பார்த்து உன் அப்பாவும் நானும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அவளுக்கு என் முத்தம். உனக்கு இப்போதைக்குக் கிடையாது. கோபம் உன்மேல்தான், அதில் சந்தேகமே வேண்டாம். போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லி என் வாயை அடைத்துவிடுவாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேசமுடியாது, அதனால் முழுவதையும் படி, சமையலறையில் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

சலவைக் கூடத்தில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக அந்த ஆஸ்பத்திரிக்கு விரிப்புத் துவைத்துக் கொடுத்தவள், அன்றைக்கு அதே விரிப்பில் படுத்திருந்தேன், ஓரம் பிரிந்த விரிப்பைத்தான் எனக்குப் போட்டிருந்தார்கள், அது வேறு கதை. மறுநாள் காலையில் காலில் கம்பி வைக்க உள்ளே கொண்டுபோனபோது என் போனை உன் அப்பாவிடம் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து நீ அவரைக் கூப்பிட்டு, அம்மா போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும், படித்துச் சொல்லுங்கள் என்றிருக்கிறாய். அவரும் ஏதோ ஆஸ்பத்திரிக் காப்பீட்டு விஷயம் என்று நினைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை படித்துச் சொல்லியிருக்கிறார். டிப்போவில் முப்பது வருஷம் நேரக்காப்பாளராக இருந்தவர், எண் தப்பாது. அந்த ஆறு எண்ணை வைத்து நீ என்ன செய்தாய்? என் பல்கலைக்கழகக் கணக்குக்குள் போய், மூன்று பாடத்திலிருந்தும் நான் விலகிக்கொள்வதாகப் பொத்தானை அழுத்திவிட்டாய். இந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொடுத்தது நீதான், அந்த நன்றியை நான் மறக்கவில்லை. சேர்த்துவிட்ட கை என்பதற்காக வெளியே தள்ளவும் அதிகாரம் உண்டா? முந்திரிக்கொட்டை என்று உன்னைப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார்கள் சொல்வார்கள், நான்தான் சண்டைக்குப் போவேன்.

இதில் ஒன்றுமே எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் கழித்து, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி மாலை வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். புள்ளியியல் சொல்லித்தருகிற பெண்ணுக்கு உன்னைவிட வயது குறைவு, என்னைவிடக் கண்டிப்பு அதிகம். வருகை எடுத்தாள். என் எண் நாற்பத்தொன்று. நாற்பது என்றாள், யாரோ உள்ளேன் என்றார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் நாற்பத்திரண்டு என்றாள். தவறிப்போயிருக்கும் என்று கையைத் தூக்கினேன். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீங்கள் விலகிவிட்டதாக வந்திருக்கிறதே என்றாள். ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஏற்கெனவே ஓடாது.

அன்றைக்கே உன்னைக் கேட்டேன். உன் நல்லதுக்குத்தானே என்றாய், அன்றைக்குள் விலகினால்தான் பாதிக் கட்டணம் திரும்பும், மறுநாள் என்றால் சல்லிக்காசு வராது என்று பல்கலைக்கழகம் போட்டிருந்த அட்டவணையை ஒப்பித்தாய். அதோடு விட்டிருக்கலாம். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன், நினைவிருக்கும்.

எதற்கு என்று இப்போது சொல்கிறேன். சலவைக் கூடக் கண்காணிப்பாளர் வேலைக்கு மூன்று முறை என்னைத் தாண்டி வெளியாளைப் போட்டார்கள், பட்டம் இல்லை என்று. வந்த மூன்று பேருக்கும் ரத்தக்கறைக்கு எந்தத் தண்ணீர், எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு என்று கற்றுக்கொடுத்தது நான். அது ஒன்று. இன்னொன்று, எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கினேன், உன்னிடம் சொன்னேன், நீ வெரிகுட் என்று குட்டியிடம் சொல்வதுபோல் சொன்னாய்.

நீ மிச்சம் பிடித்த லட்சணத்தையும் கேள். கட்டணத்தை நாலு பங்காக வை. மூன்று பங்கை வேலை பார்ப்பவர்களுக்கான உதவித்தொகை கட்டியது, ஒரு பங்கு என் கைக்காசு. பாதி திரும்பியது உண்மைதான், இரண்டு பங்கும் நேராக உதவித்தொகைக்காரர்களிடம் போய்விட்டது. படிப்பை விட்டதால் அவர்கள் கொடுத்த மூன்றாவது பங்கையும் நான் திருப்பிக் கட்டவேண்டுமாம், திங்கள்கிழமை கடிதம் வந்தது. இனி ஆயுளுக்கும் அந்த உதவி எனக்குக் கிடையாது என்று அதே கடிதத்தில் கடைசி வரி, பொடி எழுத்தில். உதவி இல்லாமல் என் சம்பளத்தில் படிக்க முடியுமா? அந்தப் பங்கை நான் அனுப்பிவிடுகிறேன், விடு என்கிறாய். பணத்தை அனுப்புவாய், என் எண்ணை எங்கிருந்து அனுப்புவாய்? பல்கலைக்கழகக்காரர்களையும் நான் சும்மா விடுவதாக இல்லை. சேரும்போது ஆயிரம் கையெழுத்து வாங்குகிறார்கள், விலகும்போது ஒரு பொத்தான் போதுமாம். இப்படிப் பணம் கேட்பார்கள் என்று அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். மூன்றாம் சன்னலில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு குமாஸ்தா. காலை பதினொன்று இருபதுக்கு நீங்களேதான் விலகியிருக்கிறீர்கள் என்று கணினியைக் காட்டினார். அந்த நேரத்தில் நான் ஆபரேஷன் மேசையில் மயக்கத்தில் கிடந்தேன் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "அப்ப உங்க பேர்ல வேற யாரோ புகுந்திருக்காங்க. போலீஸ் வரைக்கும் போற விஷயம்மா. யாருன்னு தெரியுமா?" என்றார். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பக்கத்தில் நின்ற உன் அப்பா, என் பெயரைப் போட்டுவிடு, எண்ணைச் சொன்னது நான்தானே என்று காதில் முணுமுணுக்கிறார். அவர் பாவம், பத்து நாளாக மாலையில் தேநீர் போடுவது அவர்தான், அதுவே போதும் தண்டனை. பொய் சொல்லி அந்த வகுப்பில் போய் உட்கார எனக்கு மனசில்லை. "தெரியும். என் பொண்ணு" என்றேன். நான் புகார் கொடுக்கவில்லை, அவளுக்கு எதுவும் ஆகக்கூடாது என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் மேலே பேசினேன்.

அவர் நல்ல மனிதர், வழி சொன்னார். முறையீட்டுக் குழு இருபதாம் தேதி கூடுகிறது. செய்தவர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும், அச்சடித்தது செல்லாது. குழு ஏற்றுக்கொண்டால் விலகல் ரத்து, உதவியும் திரும்பும், நான் கட்டவேண்டியதும் போய்விடும். இல்லையென்றால் இந்த ஜன்மத்துக்குப் படிப்பு முடிந்தது. இதற்கிடையில் அந்த ஆசிரியைப் பெண், பெயர் இல்லாவிட்டால் என்ன, வந்து உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாள். தினமும் போகிறேன். தினமும் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டு.

நீ பத்தொன்பது வயதில் கட்டடக்கலையைப் பாதியில் விட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வருஷக் கட்டணம் முழுவதும் தண்டம். வீடே உன்னைத் திட்டியது. நான் உன்னோடு அலுவலகம் வரை வந்தேன், படிக்கட்டில் நிறுத்தி, உன் முடிவுதானா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் ஆமாம் என்றாய். விலகல் படிவத்தில் நீதான் கையெழுத்துப் போட்டாய். நான் பேனா மட்டும்தான் கொடுத்தேன். என்னை நீ ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

உள்ளே கோடு போட்ட வெள்ளைக் காகிதம் ஒன்று வைத்திருக்கிறேன். அம்மா மயக்கத்தில் இருந்தபோது, அவரைக் கேட்காமல், அவர் பெயரில் நான் விலகினேன் என்று எழுது. நல்லதுக்குத்தான், அக்கறையில்தான் என்று பூசி மெழுகாதே, குழுவுக்கு அது தேவையில்லை, எனக்கு அது தெரியும். பதினெட்டாம் தேதிக்குள் கையில் கிடைக்கிற மாதிரி கூரியரில் அனுப்பு. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன், உன் அப்பாவுக்கும் சொல்லவில்லை. குளிர் ஆரம்பித்திருக்கும், குட்டிக்குக் காதை மூடி அனுப்பு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், அந்த விஷயத்தில் எனக்குக் கோபதாபம் எதுவும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
நாற்பத்தொன்று.