இந்த ஹம் எங்கிருந்து வருகிறது

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. மழை இல்லை, வரப்போகிற பாவனை மட்டும். கொடியில் போட்ட துப்பட்டா பக்கத்து வீட்டு முருங்கையில்.

இன்று முடிவெடுத்தே ஆக வேண்டும். பேஸ் கிடாருக்கு ஆம்ப்ளிஃபயர். முழுக்க வால்வு ஆம்ப், பழைய ரேடியோவில் கண்ணாடிக் குழல் எரியுமே, அந்த ஜாதி. பன்னிரண்டு வருடமாக டிரான்சிஸ்டர் பெட்டியில் வாசித்துவிட்டேன், போதும். போன மாதம் திருப்பூரில் ஒருவர் தன் வால்வு ஆம்பில் நாலு நிமிடம் வாசிக்கவிட்டார். அன்று பிடித்த பைத்தியம் இது.

பார்த்தவை மூன்று.

பீளமேடு. ஐ.டி.காரர், கனடா போகிறார். முந்நூறு வாட். சத்தம், அடேயப்பா! எடை நாற்பது கிலோ. "உங்க ஊட்டுல லிஃப்ட் இருக்குதுங்களா?" என்று கேட்டார். இல்லை. நாங்கள் இரண்டாம் மாடி.

ஆர்.எஸ்.புரம். பதினைந்து வாட். பார்க்க அழகு. கீழ் E தந்தியைத் தட்டினால் இருமுகிறது.

உக்கடம், யூசுப் பாய் கடை. திருவிழா மைக்செட்டுக்காரர் யாரோ போட்டுவிட்டுப் போன ஆம்ப். நூறு வாட், நாலு பெரிய வால்வு. வெளியே துரு, உள்ளே சிலந்தி. பேச்சுக்காகச் செய்தது, பேஸுக்கு அல்ல.

மூன்றாவதுதான். மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறதென்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். எனக்கு அப்படித் தெரிய வேண்டும்.

பிரபு (தாலி கட்டியவர்): "இருந்த பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

ஜூன் 5, வியாழன்

கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு உக்கடம். பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பள்ளிவாசல் ஸ்பீக்கர், கட்சிக் கூட்ட ஆம்ப், எல்லாம் அவர் கைதான். கரண்ட் இருக்கும்போது தொட வேண்டியிருந்தால் இடது கையை பேன்ட் பைக்குள் விட்டுக்கொள்கிறார். "ஒரு கைல புடிச்சா சுருக்குன்னு உதறும், அவ்வளவுதானுங்க. ரெண்டு கைலயும் புடிச்சா நெஞ்சு வழியா போயிருமுங்க." நானும் பையில் கை விடப் போனேன். சுடிதாரில் பை இல்லை. இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

செய்யப்போவது:
– வால்வுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் கெப்பாசிட்டர் சின்னது, கீழ் ஸ்வரத்தை விடாது. பெரிதாகப் போட வேண்டும்.
– அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், தூரத்து ஹார்ன் ஸ்பீக்கருக்கானது. புதிதாகச் சுற்ற வேண்டும். சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டுபவர் ஒருவர் சுற்றித் தருவாராம்.
– மைக் வாய் மூன்றில் இரண்டை அடைக்க வேண்டும்.

நான் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன் என்றதும் பாய்க்கு ஒரே சந்தோஷம். மீட்டர் வைக்கும் முன்பே சத்தத்தை வைத்து பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவேன் என்றேன். பீற்றல்தான். ஆனால் நிஜம். "அப்ப என்னங்க மேடம், உங்க காது சொல்றதுதான் கடைசி."

இடது காது ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடைப்பு. ஊட்டியிலிருந்து இறங்கும்போது ஆகுமே, அப்படி. தலைக்குக் குளித்த தண்ணீராக இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

டிரான்ஸ்ஃபார்மர் வந்துவிட்டது. மோட்டார்க்காரர் மோட்டாருக்குச் செய்வது போலவே வார்னிஷில் முக்கி, அடுப்பில் வேகவைத்துக் கொடுத்திருக்கிறார். ஆறு கிலோ. "தண்ணிக்குள்ள போட்டாலும் ஓடுமுங்க" என்று சொல்லியனுப்பினாராம். எதற்குத் தண்ணீருக்குள் போட வேண்டும்?

மாலை நாலு மணி, பாய் கடையில் முதல் சத்தம். E தந்தியை ஒரே ஒரு தட்டு. மேஜை மேலிருந்த ஸ்குரூ எல்லாம் நகர்ந்து போயின. பாய் "யா அல்லா!" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எத்தனை வருடமாயிற்று இப்படிச் சிரித்து.

வாசிப்பை நிறுத்தியதும்தான் கவனித்தேன். ஹம். கீழே, மெதுவாக, ம்ம்ம் என்று.

"பாய், ஹம் கேக்குதுங்களா?"

தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரம். "ஆமாங்க. லேசா இருக்குதுங்க."

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரபுவிடம் கேட்டேன். டி.வி.யை நிறுத்தாமலே, "ஆமா ஆமா, கேக்குது."

ஜூன் 10, செவ்வாய்

வால்வு ஆம்பில் ஹம் எப்படியெல்லாம் வரும் என்று படித்துப் படித்துக் கண் எரிகிறது. ஆனால் என்ன சுவாரசியம்! வால்வைச் சூடாக்கும் ஒயர் பக்கத்து ஒயரில் தன் கரண்டைச் சிந்துமாம். இரண்டு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையொன்று பார்த்து நின்றால் ஒன்றின் முணுமுணுப்பு மற்றதுக்குத் தொற்றுமாம். எர்த் இரண்டு இடத்தில் கட்டினால் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்குமாம்.

பாய் சூடாக்கும் ஒயர்களை ஜடை பின்னுவது போல முறுக்கிப் போட்டார். அடித்தகட்டில் புதுத் துளை போட்டு டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி உட்கார வைத்தார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும், எது வேலை செய்ததென்று அப்போதுதான் தெரியும். இதைக் கம்பெனியில் எல்லோருக்கும் சொல்வது நான். இங்கே நானே "ரெண்டையும் செஞ்சுருங்க பாய்" என்றேன். அவசரக்குடுக்கை.

ஹம் போய்விட்டது! சுத்தமாக.

இரவு சாப்பாட்டுக்கு முன் மறுபடி போட்டுப் பார்த்தேன். இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

மாலை சிங்காநல்லூர். சிவா கடைக்கு மேல் மாடியில் பிராக்டிஸ். சிவா டிரம்ஸ், எங்கள் குழுவுக்கு அவன்தான் எல்லாம். கீழே பெயின்ட் கடை. அன்பு கிடார். ஜூலை முதல் ஞாயிறு பொள்ளாச்சியில் ஒரு ரிசப்ஷன், அதற்குள் ஆம்ப் சரியாகியாக வேண்டும்.

சிவாவிடம் கேட்டேன். "ஹம் இருக்குதா இல்லயா?"

"லேசா இருக்குதுங்க்கா."

அன்புவும் தலையாட்டினான்.

இன்னொரு தொல்லை. கீழ்த் தந்திகள் புளிக்கின்றன. கிடாரோடு சேர மாட்டேன் என்கின்றன. நான் ட்யூனர் வைப்பதில்லை, காதாலேயே சுருதி சேர்ப்பவள். சேர்த்துச் சேர்த்துப் பார்த்தும் அப்படியே. வால்வு ஜோடி பொருந்தவில்லையோ? கெப்பாசிட்டரை அளவுக்கு மேல் பெரிதாக்கிவிட்டோமோ?

"என்னுது எப்படி இருந்துச்சு?" என்றேன் கிளம்பும்போது.

"அருமைங்க்கா," என்றான் சிவா.

ஜூன் 16, திங்கள்

மூன்றாம் முறை பிரித்தாகிவிட்டது. நாலு வால்வும் மாற்றிப் பார்த்தோம். சூடாக்கும் ஒயருக்கு பேட்டரி போல ஒரே பக்கம் ஓடும் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். எர்த் எல்லாவற்றையும் ஒரே போல்ட்டில் கொண்டுவந்து கட்டியாயிற்று.

மீட்டரில் ஒன்றுமே இல்லை. எனக்குக் கேட்கிறது.

பாய் முகம் வாடியிருக்கிறது. "இன்னும் கேக்குதுங்களா மேடம்?" என்று மெல்லக் கேட்டார்.

"கேக்குது பாய். உங்களுக்கு?"

"…லேசா."

இவ்வளவு நல்ல கைக்காரரைப் போட்டு இப்படிப் படுத்துகிறோமே என்று இருந்தது. ஆனாலும் விட மனசில்லை. ஆம்பை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், நானே பார்க்கிறேன் என்று.

ஜூன் 19, வியாழன்

மாதாந்திர பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை கரண்ட் இல்லை. லீவு போட்டதே ஆம்பை உட்கார்ந்து பார்க்கத்தான். அதுவும் போச்சு.

சரி, கரண்ட் இல்லாத நேரத்தில் சால்டரிங்கையாவது கண்ணால் பார்ப்போம் என்று மூடியைக் கழற்றினேன். முன்பே பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்டை பாய் சொன்ன மாதிரி காலி செய்தாகிவிட்டது. தெருவே அமைதி. மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை, பக்கத்து வீட்டு சீரியல் இல்லை.

ம்ம்ம்.

பிளக் என் மடியில் கிடக்கிறது. ஹம் கேட்கிறது.

இன்வெர்ட்டர் என்று நினைத்தேன். போய் அணைத்தேன். கேட்கிறது. மொபைலை அணைத்தேன். மொட்டை மாடிக்குப் போனேன். காற்று. காற்றுக்கு அடியில் கேட்கிறது. கடைசியில் இரண்டு காதையும் விரலால் பொத்தினேன்.

சத்தம் அதிகமாயிற்று.

மாடிப்படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. முதலில் தோன்றியது, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: அடடே, இப்படியும் ஒரு ஹம் வருமா! அதற்கப்புறம்தான் பயம் வந்தது.

ஜூன் 20, வெள்ளி

தூறல். அவிநாசி ரோட்டில் காது டாக்டர். கண்ணாடி அறை, ஹெட்ஃபோன், சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வலது காதுக்குப் படபடவென்று அமுக்கினேன். இடது காதுக்கு வரும்போது நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பட்டனைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

இடது காதில் கீழ்ச் சத்தங்கள் போயிருக்கின்றன. மேல் சத்தம் சரியாக இருக்கிறது. கீழே மட்டும் பள்ளம். பேஸ் வாசிப்பவளுக்கு, கீழே மட்டும்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அடைப்பு, ஹம், ஒரே சுருதி இரண்டு காதிலும் வேறு வேறாகக் கேட்பது, சில மணி நேரம் சரியாகி மறுபடி வருவது, எல்லாம் இதில் சேர்த்திதான். அதுதான் தந்தி புளித்திருக்கிறது. வால்வு பாவம்.

"எப்ப ஆரம்பிச்சதுங்க?"

"இருபது நாள் இருக்கும்."

"பத்து நாளுக்குள்ள வந்திருக்கோணுமுங்க. அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருந்தா நல்லா வரும். இப்பவும் குடுத்துப் பார்க்கலாம். வரலாம், வராமயும் போகலாம். உப்பைக் குறைச்சுக்குங்க. சத்தத்துகிட்டே நிக்காதீங்க."

அந்த இருபது நாளும் நான் ஆம்பைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பிரபுவிடம், "உனக்கு ஹம் கேட்டுச்சா, நெசமாச் சொல்லு" என்றேன். அவன் முகம் போன போக்கு. "இல்ல சுகந்தி. ஆமான்னு சொன்னா நீ சும்மா இருப்பேன்னு…" தட்டை எறிந்தேன். எவர்சில்வர், உடையவில்லை. அழுதான். நானும்.

ஜூன் 21, சனி

உக்கடம் போனேன். சண்டை போடத்தான் போனேன்.

"உங்களுக்குக் கேக்கவே இல்லதானுங்க பாய்? ஒரு நாளாவது கேட்டுச்சா?"

பாய் சால்டரிங் அயனைக் கீழே வைத்தார். "இல்லீங்க மேடம்."

"அப்புறம் ஏனுங்க லேசா இருக்குதுன்னு சொன்னீங்க?"

"பேரிங்கை சத்தத்துலயே கண்டுபுடிக்கிறவங்க நீங்க. நீங்க கேக்குதுன்னு சொன்னப்புறம் நான் எப்படீங்க இல்லைன்னு சொல்றது? என்ற காது ஹார்ன் ஸ்பீக்கர் அடியிலயே கெடந்த காதுங்க. என்ற காதுதான் போயிருச்சுன்னு நெனச்சுப்போட்டேன். பத்து நாளா ஊட்டுல கூடச் சொல்லலீங்க. காது போயிட்டா இந்தத் தொழில்ல நான் என்னங்க பண்றது?"

சண்டை வாயிலேயே நின்றுவிட்டது. காது போய்விட்டது எனக்குத்தான் என்றேன். பாய் டீ சொன்னார். டீ வந்து ஆறிப்போயிற்று.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் கோபம். ஆமாங்க, சரிங்க, லேசா இருக்குதுங்க. மனசு நோகக் கூடாதென்று நாலு பேர் நாலு வாயால் பொய். என் காது போச்சு இந்த ஊர் மரியாதையில். அப்புறம் ஒண்டிப்புதூர் வருவதற்குள் இன்னொன்றும் தோன்றியது. நான் யாரையாவது இல்லை என்று சொல்ல விட்டேனா? பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவை?

ஜூன் 22, ஞாயிறு

வெயில், நடுநடுவே தூறல். மாத்திரை இரண்டாம் நாள். நெஞ்செரிச்சல்.

பிராக்டிஸுக்குப் போனேன். போகாமல் இருந்தால் அப்புறம் போகவே மாட்டேன் என்று தெரியும். ஆம்பை அந்த மூலைக்குத் தள்ளி, சத்தத்தைப் பாதியாக்கினேன். காதில் பஞ்சு. சிவாவிடமும் அன்புவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்ன "வராமயும் போகலாம்" உட்பட.

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"மூணு வாரமா நான் வாசிச்சது எப்படி இருந்துச்சு? சிவா, நீ சொல்லு. அருமைன்னு சொன்னீன்னா இப்படியே எந்திரிச்சுப் போயிருவேன்."

சிவா குச்சிகளை மடியில் வைத்தான். தொண்டையைச் செருமினான். "சேரலீங்க்கா." "கீழ்த் தந்தி ரெண்டும் ஏறி நின்னுச்சுங்க்கா. மொத நாளே தெரிஞ்சுது. பொள்ளாச்சிக்கு வேற ஆளைப் பார்க்கலாமான்னு நானும் அன்பும் பேசினோமுங்க்கா. உங்ககிட்டச் சொல்ல வாய் வரல."

வேற ஆள். கெட்ட வார்த்தை ஒன்று வந்தது, சொல்லியும்விட்டேன். பிறகு, "சரி, இப்பவாச்சும் சொன்னியே" என்றேன். அது மனதாரத்தான்.

அன்பு தன் ட்யூனரைக் கழற்றி என் கிடாரில் மாட்டினான். நான் மறுக்கவில்லை. E தந்தியை இறக்கினேன். இறக்க இறக்க எனக்குத் தப்பாகவே போயிற்று. பச்சை விளக்கு வந்தது. என் காது இல்லை என்கிறது, விளக்கு ஆமாம் என்கிறது. தந்தியைப் பழையபடி என் காதுக்கு ஏற்றிவிட்டு, ட்யூனரைக் கழற்றி அன்புவிடமே கொடுத்தேன்.

"சிவா, நீ சொல்லு. சேர்ந்துருச்சா?"

அன்பு கிடாரில் அதே ஸ்வரத்தைப் பிடித்தான். நான் தட்டினேன். சிவா கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இல்லீங்க்கா. இன்னும் துளி கீழ."

இறக்கினேன்.

"இன்னும் துளி."

இறக்கினேன்.

"போதுமுங்க்கா. சேர்ந்துருச்சு."

எனக்குச் சேரவில்லை. முறுக்காணியிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.