ஒத்திகையில் எனக்குப் பிண வேஷம்

பிப்ரவரி 10, திங்கள்

ஸ்டேஷனில் புது நோட்டீஸ். சனிக்கிழமை ரயிலில் அவசரகால வெளியேற்ற ஒத்திகையாம். பொதுமக்கள் திரளாகப் பங்கேற்க வேண்டுமாம். திரளாக என்றால் காலையில் எங்கள் பெட்டிக்கு வந்து பார்க்கட்டும். வாசலில் தினமும் ஒத்திகை இல்லாமலே தொங்குகிறார்கள்.

சுசித்ரா பேர் கொடுத்துவிட்டாள். ஓசூர் துணிக் கம்பெனியில் இருவருக்கும் ஒரே மேஜை, ஆறு வருஷமாக ரயிலில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டு. அதனால் என் பேரையும் சேர்த்தே கொடுத்தாளாம். டிபன் உண்டுக்கா என்றாள். அதுக்காகப் போகலாம்.

பிப்ரவரி 15, சனி

செத்துப்போனேன். பதினொன்றரை மணிக்கு, இரண்டாம் பிளாட்பாரத்தில்.

பாதுகாப்பு அதிகாரி கிருஷ்ணப்பன் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார். சுசித்ராவுக்குக் கை முறிவு, சிவப்புச் சாயத்தோடு. ரயிலில் தினமும் ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் கோவிந்தன் சார் தன்னைத் தானே தலைவராக நியமித்துக்கொண்டார். என் இடது காலில் மாட்டியிருக்கும் இரும்புக் காலிப்பரைப் பார்த்ததும் அதிகாரிக்குச் சங்கடம். நீங்க ஓரமா நின்னு பாருங்கம்மா என்றார். பேர் கொடுத்திருக்கேனே சார் என்றேன். அப்ப இறந்தவங்களா இருங்க, நடக்க வேண்டியதில்ல பாருங்க என்றார்.

என் வசதிக்காகத்தானாம். போலியோ வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் என் வசதியைப் பார்த்திருக்கிறார்கள். சாகடித்து வசதி செய்தவர் இவர்தான்.

கழுத்தில் கறுப்பு அட்டையோடு சீட்டில் படுத்தேன். பிணத்தைக் கடைசியில்தான் இறக்குவார்கள், அதனால் முழுக் கூத்தையும் பார்க்க முடிந்தது. விசில் ஊதியதும் எல்லாரும் பையை எடுத்தார்கள். பையை விடுங்க என்று சத்தம் போட்டார்கள். உடனே பையை விட்டுவிட்டுச் செல்போனை எடுத்தார்கள். கோவிந்தன் சார் அவசர ஜன்னல் ஓரம் நின்று வீடியோவுக்கு வழிகாட்டினார். நாலே நிமிஷத்தில் பெட்டி காலி என்று மைக்கில் சொல்லி, கைதட்டல்.

நான் உள்ளேதான் இருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சர்ச்சில், பூசையில் மனசு நிற்கவில்லை. பிளாட்பாரத்தில் இறங்க ஒத்திகை எதற்கு? அதைத்தான் தினமும் செய்கிறோமே. நடுக்காட்டில் வண்டி நின்றால்? வாசலிலிருந்து கீழே ஜல்லி வரைக்கும் ஏறக்குறைய என் கழுத்து உயரம். அதோடு, ஒரு விபத்தில் நான் உடனே செத்துவிடுவேன் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

பிப்ரவரி 18, செவ்வாய்

கேட்டேவிட்டேன். கிருஷ்ணப்பன் முகம் சுருங்கிப்போனது. மேஜை நாள்காட்டியைப் புரட்டினார். அப்புறம், ஞாயித்துக்கிழமை வாங்கம்மா, யாராவது ஒருத்தரத் துணைக்குக் கூட்டிட்டு வாங்க என்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

தனியாக நின்ற ஒரு பெட்டியில் பயிற்சி. வாசலில் உட்கார வேண்டும். திரும்ப வேண்டும். வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நல்ல காலால் படியைத் தேட வேண்டும். கீழே ஒருத்தர் இடுப்பைத் தாங்க வேண்டும். ஐந்து தடவை இறங்கினேன். சேலை முழுக்கக் கிரீஸ். நாற்பத்தேழு வயசில் தவழக் கற்றுக்கொண்டாயிற்று.

சுசித்ராதான் கீழே நின்று தாங்கினாள். நான் இருக்கேன்ல, எதுக்குக்கா பயப்படறீங்க என்றாள். நம்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

எழுதியே ஆகணும்.

மாரண்டஅள்ளி தாண்டினதும் ரப்பர் கருகுற நாத்தம். அப்புறம் ஜன்னல் வழியா புகை. யாரோ தீன்னு கத்தினாங்க, வண்டி நின்னுச்சு. சுசித்ரா எந்திரிச்சா. அவ பையை எடுத்தா. என் டிபன் பையை எடுத்தா. என்னைப் பாத்தா — பாத்தா, நல்லாவே பாத்தா. போயிட்டா.

சீட்டுக் கம்பியப் பிடிச்சுப் பிடிச்சு வாசலுக்கு வந்தா, அங்க கோவிந்தன் சார். தலைவர். கம்பிய ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. எறங்கவும் மாட்டேங்கிறாரு, வழியும் விடமாட்டேங்கிறாரு. உயரமா இருக்குதும்மான்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றாரு. எனக்குப் பின்னாடி கைக்கொழந்தையோட ஒரு பொண்ணு, வயசான புருஷன் பொண்டாட்டி. புகை தொண்டைய அடைக்குது.

"உக்காருங்க சார்"னேன். "திரும்புங்க. கீழ பாக்காதீங்க, என்னையப் பாருங்க. வயித்தத் தரையோட ஒட்டிக்கிட்டு ஒரு கால எறக்குங்க. படி இருக்கும்."

இருந்துச்சு. எறங்கிட்டாரு. அப்படியே ஓடிருவாருன்னு நெனச்சேன். ஓடல. கையை நீட்டிக் கொழந்தைய வாங்கினாரு. அப்புறம் அந்தப் பொண்ணு, பெரியவங்க ரெண்டு பேரு. கடைசியா நான். இந்தத் தடவையும் கடைசிதான், ஆனா உயிரோட.

தீ இல்லையாம். பிரேக் சக்கரத்தோட ஒட்டிக்கிட்டுப் புகைஞ்சுதாம். முக்கால் மணி நேரத்துல எல்லாரும் ஏறுங்கன்னுட்டாங்க. அப்பத்தான் ஒறைச்சுது — எறங்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க, ஏறச் சொல்லிக் குடுக்கவே இல்ல. நாலு பேரு மூட்டையாத் தூக்கி உள்ள போட்டாங்க.

சுசித்ரா வேற பெட்டியில ஏறிட்டா.

மார்ச் 12, புதன்

லீவு. பேப்பரில் மூணு வரி. பயணிகள் அமைதியாக இறங்கினார்களாம்.

கோவிந்தன் சார் போன் செய்தார். வாசலில் நின்ற கதையை வூட்டுல சொல்லலீங்க, நீங்களும் யாருகிட்டயும் சொல்லிறாதீங்க என்றார். சொல்லவில்லை. எழுதத்தான் செய்தேன்.

மார்ச் 13, வியாழன்

கம்பெனி கேட் செக்யூரிட்டியிடம் என் டிபன் பை இருந்தது. சுசித்ரா பாத்திரத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆளை விட்டுவிட்டுப் பாத்திரத்தைக் காப்பாற்றிய புண்ணியவதி. சூப்பர்வைசரிடம் சொல்லி மேஜையும் மாற்றிக்கொண்டாளாம். தவக்காலத்தில் கோபப்படக் கூடாது. ஈஸ்டர் முடிந்ததும் பட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 17, திங்கள்

அவள் முன்பெட்டியில் ஏறுகிறாள். நான் பார்க்காத மாதிரி பார்க்கிறேன்.

ரெண்டு காலும் சரியா இருந்திருந்தா அன்னைக்கு நான் யாருக்காவது நின்னிருப்பேனா? தெரியல. அவ மேல இருக்கிற கோவத்தவிட இந்தத் தெரியலதான் எரிச்சலா இருக்கு.

மார்ச் 21, வெள்ளி

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் ஓடிட்டேன்க்கா."

"பார்த்தேன்."

"கூட்டம் தள்ளிருச்சு, திரும்ப முடியலன்னு உங்ககிட்டச் சொல்லணும்னு பத்து நாளா யோசிச்சு வச்சிருந்தேன். பொய்க்கா அது. திரும்பணும்னு தோணவே இல்ல."

குத்தலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். என்னிடம் அதற்கு எப்போதும் பஞ்சமில்லை. அவள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடு என்றேன். அழுதுகொண்டே சாப்பிட்டாள். மோரும் வாங்கிக் குடித்தாள்.

மார்ச் 30, ஞாயிறு

ஏறும் பயிற்சி. நான் கேட்டதும் கிருஷ்ணப்பன், அத யோசிக்கவே இல்லீங்கம்மா என்று தலையைச் சொறிந்தார். இன்றைக்கு அவரே ஒரு மடக்கு ஏணி கொண்டுவந்திருந்தார். கோவிந்தன் சார் வந்தார். யாருக்கும் யோசனை சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ.

சுசித்ராவை யாரும் கூப்பிடவில்லை. ஏணிக்குக் கீழே நின்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் எங்கள் பெட்டிக்கே வந்தாள். இனிமே வாசல் பக்கத்துச் சீட்டுல உக்காரலாம்க்கா, நான் இந்தாண்ட இருந்துக்கறேன் என்றாள். ஜன்னல் காற்று போயிற்றே என்று முனகிக்கொண்டே நகர்ந்தேன். பாலக்கோடு வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இந்தக் காவலை நம்பித்தான் நான் இனிமேல் பிரயாணம் செய்ய வேண்டும்.

தோள் மரத்துப்போனது. ஓசூர் வந்ததும்தான் எழுப்பினேன்.